காலப்பயணம் போக நமக்கு எந்திரம் தேவையில்லை

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி, முத்தாபுதுப்பேட்டையில் மாலைநேரப் படிப்பு மையத்தின் பிள்ளைகளும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அண்ணலின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். நான் இன்று ஒரு நாவலைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த நாவல் இன்னும் அச்சாகவில்லை. நீளவாக்கு நோட்டு ஒன்றில் நீல மையில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவள் நம் மையத்தில் படிக்கும் பதினோராம் வகுப்பு மாணவி. பெயரைச் சொல்ல மாட்டேன். அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் பேசுகிறேன். முதலில் நோட்டைக் கொடுத்தபோது, "சார், இதை யார்கிட்டயும் காட்டாதீங்க" என்றுதான் சொன்னாள்.

கதை இதுதான். ஆவடிப் பக்கம் ஒரு காலனியில் ஒரு பெண் இருக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு, இயற்பியலில் புலி. காயலான் கடையில் கிடைத்த பழைய ரேடியோ, மின்மாற்றி, குக்கர் மூடி எல்லாவற்றையும் வைத்துக் காலப்பயண எந்திரம் ஒன்றைச் செய்துவிடுகிறாள். படிக்கும்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அவள் முதலில் எங்கே போகிறாள் தெரியுமா? டைனோசரைப் பார்க்கப் போகவில்லை, ராஜராஜ சோழனைப் பார்க்கவும் போகவில்லை. போன வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் போகிறாள். அன்றுதான் வகுப்பில் உதவித்தொகைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர், "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்று சொன்னார். அவள் எழுந்து நின்றாள். அதுவரை அவளோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்ட தோழி திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையை அழிக்கத்தான் முதல் பயணம்.

இரண்டாம் அத்தியாயத்தில் நூறு வருடம் பின்னால் போய்த் தன் கொள்ளுத்தாத்தாவைப் பார்க்கிறாள். அவர் ஒருவர் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்கிறார். "ஏன் குனிஞ்சீங்க? நீங்க குனிஞ்சதாலதான் நான் எழுந்து நிக்க வேண்டியிருக்கு" என்று கத்துகிறாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பதிவேட்டைத் தேடிப் போகிறாள். கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு எதிரே இருக்கும் சாதியை அடித்துவிட்டு வேறொன்றை எழுதிவிட்டால், தான் வேறு தெருவில் பிறந்திருப்போம் என்பது அவள் திட்டம். பேனாவைத் திறக்கிறாள். கதை அங்கே நின்றுபோயிருக்கிறது. "முடிவு வரல சார். என்ன எழுதறதுன்னு தெரியல" என்றாள்.

நோட்டைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லலாம் என்றுதான் இங்கே நிற்கிறேன்.

காலப்பயணம் நம் ஊர் சினிமாவுக்குப் புதிது இல்லை. 2015இல் 'இன்று நேற்று நாளை' வந்தது. அடுத்த வருடம் '24' வந்தது. அவற்றில் கதாநாயகன் பின்னால் போவான், முன்னால் வருவான், நாமும் கைதட்டி ரசித்தோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இறந்தகாலத்துக்குப் போய் இறங்கியதும், "நீ எந்தத் தெரு? யார் மகன்?" என்று அவனை யாரும் கேட்பதில்லை. நம் பிள்ளை 1920க்குப் போனால் முதல் கேள்வியே அதுதான். எந்தக் கிணற்றில் தண்ணீர் குடிப்பாள்? எந்தத் தெரு வழியாக நடப்பாள்? செருப்பைக் காலில் போட்டுக்கொள்வாளா, கையில் எடுத்துக்கொள்வாளா? சிலருக்கு இறந்தகாலம் சுற்றுலா. நமக்கு அது பிடித்துவைத்துக்கொண்டு திருப்பி அனுப்பாத இடம்.

இதைச் சரியாகப் பிடித்து எழுதியவர் ஒரு கறுப்பினப் பெண். ஆக்டேவியா பட்லர். 1947இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பசடேனா நகரில் பிறந்தவர். அப்பா ஷூ பாலிஷ் போடும் தொழிலாளி. அம்மா வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். அம்மா வேலைக்குப் போகும் வீடுகளில் பின்வாசல் வழியாகத்தான் நுழைவார், அவர் காதுபடவே அவரை இழிவாகப் பேசுவார்கள், சிறுமி பட்லர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமமாக இருந்த அந்தக் குழந்தைதான் வளர்ந்து அறிவியல் புனைகதை எழுதினார். 1995இல் மெக்கார்தர் நல்கையைப் பெற்றார். அந்த நல்கையைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் அவர்தான்.

1979இல் அவர் எழுதிய நாவல் 'கிண்ட்ரெட்'. 'உறவு', 'ரத்த சொந்தம்' என்று பொருள் சொல்லலாம். டேனா என்ற கறுப்பினப் பெண் 1976இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே தன் வீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அன்று அவளுக்கு 26 வயது பிறக்கிறது. திடீரென்று தலை சுற்றுகிறது. கண் விழித்தால் ஒரு ஆற்றங்கரை. ஒரு வெள்ளைச் சிறுவன் மூழ்கிக்கொண்டிருக்கிறான். குதித்துக் காப்பாற்றுகிறாள். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம், மேரிலாந்து, அடிமை முறை நடந்துகொண்டிருக்கும் காலம். அந்தச் சிறுவன் அடிமைகளை வைத்திருக்கும் பண்ணை முதலாளியின் மகன். அவனும் தன் மூதாதைகளில் ஒருவன் என்று பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது. அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் அவள் பின்னால் இழுக்கப்படுகிறாள். தன் உயிர் போய்விடும் என்று அஞ்சும்போதுதான் திரும்பி வர முடிகிறது.

அந்த நாவலில் எந்திரம் கிடையாது. ஏன் போகிறாள், எப்படிப் போகிறாள் என்ற விளக்கமும் கிடையாது. பட்லருக்கு அது தேவைப்படவில்லை. ஒடுக்கப்பட்டவர்களை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோக எந்திரம் எதற்கு? அதுவே வந்து காலைப் பிடித்து இழுக்கும். அங்கே டேனா ஒரு அடிமைச் சிறுவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொள்கிறாள். அதற்காகச் சவுக்கடி வாங்குகிறாள். கடைசியில் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு கையை இழந்துதான் திரும்புகிறாள். அங்கே போனவர் முழுதாகத் திரும்ப முடியாது என்பதுதான் அதன் பொருள்.

இந்த நாவல் எப்படிப் பிறந்தது என்று பட்லர் சொல்லியிருக்கிறார். பசடேனா கல்லூரியில் அவரோடு படித்த ஒரு கறுப்பின மாணவர் நன்றாகப் படித்தவர், போராட்ட உணர்வு உள்ளவர். அவருக்குத் தன் முந்தைய தலைமுறை மீது கடும் கோபம். இவ்வளவு காலம் அடங்கிப்போய் நம்மைப் பின்னுக்கு இழுத்த இந்தக் கிழவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும், ஆனால் என் அப்பா அம்மாவிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்கிற பொருளில் பேசினாராம். பட்லருக்குத் தன் அம்மாவின் பின்வாசல் நினைவுக்கு வந்தது. அந்த அவமானத்தை விழுங்கி அம்மா கொண்டுவந்த காசில்தானே சாப்பிட்டோம், வளர்ந்தோம்? அந்தக் காலத்தில் ஒரு நாள் உயிரோடு இருப்பதற்கு என்ன விலை என்பதைப் படித்த இந்தத் தலைமுறை உடம்பால் உணர வேண்டும் என்றுதான் டேனாவை அங்கே அனுப்பினார்.

பாப்பா, உன் இரண்டாம் அத்தியாயத்தில் கத்தியது அந்த மாணவரின் குரல்தான். அது என் குரலும்கூட.

1977இல் நான் கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் ஊர் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமம். சேர்க்கை வாங்கிவிட்டு ஊருக்கு வந்தபோது, ஊர்த்தெருவில் ஒரு வீட்டு வாசலில் என் அப்பாவைப் பார்த்தேன். துண்டு இடுப்பில். அந்த வீட்டுப் பையனுக்கு என்னைவிட வயது குறைவு. "டேய்" என்று கூப்பிட்டான். அப்பா "சாமி" என்றார். வீட்டுக்கு வந்ததும் நான் அவரைக் கேட்ட கேள்விகளை இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. கை கழுவிவிட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பல வருடம் கழித்து அம்மா சொன்னார். கல்லூரி உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அன்று அதற்கு ஊர் கர்ணம், முன்சீப் பரிந்துரை இல்லாமல் நடக்காது. அந்தப் பதவிகள் பரம்பரையாக வந்தவை. 1980இல்தான் எம்.ஜி.ஆர். ஆட்சியில் ஒழிந்தன. என் அப்பா அந்த வாசலில் மூன்று நாள் நின்றிருக்கிறார். நெல் மூட்டை இறக்கியிருக்கிறார், மாட்டுக் கொட்டகை கூட்டியிருக்கிறார். மூன்றாம் நாள்தான் கையெழுத்து விழுந்தது. நான் பார்த்தது அந்த மூன்றாம் நாளை. அம்மா சொன்னபோது அப்பா உயிரோடு இல்லை.

எனக்கு ஒரு எந்திரம் கிடைத்தால் எங்கே போவேன் என்று நீ கேட்டால், அந்த மாலைக்குப் போவேன். எதையும் மாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை. திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அதற்காக, குனிந்தது சரி என்று நான் சொல்லவில்லை. குனிந்தவர்கள் மட்டும்தான் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்று நினைத்துவிடாதே என்றுதான் சொல்கிறேன். நீ உன் கதாநாயகியைப் பதிவேட்டைத் தேடி அனுப்பினாய். வேறு சில இடங்களுக்கும் அனுப்பிப் பார்.

முதலில் கோயம்புத்தூர். அங்கே ஒரு மாணவர் இருக்கிறார். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் ஊர்க்காரர். பள்ளியில் சுமார் 400 பேர் படிக்கிறார்கள், பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள். யாரோடாவது பழகினால் சாதியும் வீடும் தெரிந்துவிடும் என்று அவர் யாரோடும் விளையாடுவதில்லை. வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். உன் கதையில் வருகிற செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. அவர்தான் ரெட்டமலை சீனிவாசன். சாதியை மறைத்து அஞ்சி நடந்த அந்த மாணவர்தான் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லைக் கேட்டு ஓடினாரோ அந்தச் சொல்லைத் தலைப்பில் அச்சடித்துத் தெருவில் விற்றார். பின்னாளில் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு உட்கார்ந்தார். 1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற சிறு நூலில் பள்ளி நாட்களைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்து 1891. இடம் தூரமில்லை, இதே மண்தான். அன்று இந்தப் பகுதி செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. கலெக்டர் டிரெமன்ஹீர் சேரி மக்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, நிலம் இல்லை, பண்ணைக் கடனில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பரில் வந்த ஆணையில்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காகத் தோழர்கள் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். பதிவேட்டைத் தேடி அலைந்தவர்கள் உனக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேனாவால் எதையும் அடிக்கப் போகவில்லை. அதில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டி, எங்கள் நிலத்தைக் கொடு என்று கேட்கப் போனார்கள்.

1924க்குப் போ. சென்னைச் சட்டமன்றத்தில் ஆர். வீரையன் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார். பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லோருக்கும் உரியது என்று நீதிக்கட்சி ஆட்சி ஆணை பிறப்பிக்கிறது. 1953க்குப் போ. அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற ராஜாஜியின் திட்டம் வருகிறது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டித் தந்தை பெரியார் போராடுகிறார். ராஜாஜி பதவியை விட்டுப் போகிறார், 1954இல் காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிடுகிறார். அது தொடர்ந்திருந்தால் நான் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். அப்பாவோடு அந்தக் கொட்டகையில்தான் இருந்திருப்பேன்.

இன்று பிறந்தநாள் காணும் அண்ணலிடம் வருகிறேன். அவரைவிடப் பெரிய காலப்பயணி யார்? 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போகிறார். அங்கிருந்து லண்டன். பள்ளியில் தனிக் கோணிப் பையில் உட்கார்ந்த பிள்ளை, பியூன் ஊற்றினால்தான் தண்ணீர் என்றிருந்த பிள்ளை, அங்கே எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து படித்தார். தான் தீண்டப்படாதவன் என்ற நினைவே அந்த வருடங்களில் அழிந்துபோயிருந்தது என்று 'வெயிட்டிங் ஃபார் எ விசா' குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1917இல் பரோடா ரயில் நிலையத்தில் இறங்குகிறார். எங்கே தங்குவது என்ற கேள்வி வருகிறது. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராம் நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலேறிப் பம்பாய்க்குத் திரும்பினார். எந்திரம் எதுவும் இல்லாமல், கப்பலிலும் ரயிலிலும் பயணம் செய்து, நியூயார்க்கிலிருந்து மனுவின் காலத்துக்கு வந்து சேர்ந்தார்.

நமக்கு இன்னும் குறைந்த தூரம் போதும். இந்துக் கல்லூரி நிலையத்தில் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்ட்ரல். அங்கே ஏ.சி. அலுவலகத்தில் நான் 'சார்'. மாலையில் திரும்பி, இதே சுற்றுவட்டாரத்தில் வாடகை வீடு தேடியபோது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார்கள். பதில் சொன்னதும், "வீடு ஏற்கெனவே பேசிட்டாங்க" என்றார்கள். காலையில் இருந்த வருடம் வேறு, மாலையில் இருந்த வருடம் வேறு. 1955 ஜனவரியில் இதோ பக்கத்தில் ஆவடியில்தான் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச மாதிரிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. தீர்மானத்தின் காலமும் தெருவின் காலமும் இன்னும் ஒன்றாகவில்லை.

இனி உன் கதையில் எனக்குள்ள இரண்டு மனத்தாங்கல்களைச் சொல்கிறேன். ஆசிரியன் என்ற உரிமையில்.

முதலாவது, உன் கதாநாயகி ஏன் இயற்பியலில் புலியாக இருக்க வேண்டும்? சுமாராகப் படிக்கிற பிள்ளை எழுந்து நின்றால் வலிக்காதா? நம் பிள்ளைகளை மேதையாகக் காட்டினால்தான் மற்றவர்கள் இரக்கப்படுவார்கள் என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காப்பாற்ற வந்த தங்கையையும் வெட்டினார்கள். அவர் அடுத்த ஆண்டு தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். எல்லோரும் பாராட்டினார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அவர் 200 எடுத்திருந்தாலும், தோற்றிருந்தாலும், வெட்டியது அதே குற்றம்தான். அண்ணல் மேதை. ஆனால் மேதைகளுக்கு மட்டும் தண்ணீர்க் குளத்தைத் திறந்துவிடு என்று அவர் மகாத்தில் போராடவில்லை. சராசரி மனிதராக இருந்துகொண்டு மரியாதையோடு வாழும் உரிமை, மற்றவர்களுக்குப் பிறந்த உடனே கிடைத்துவிடுகிறது. நமக்கு அதுதான் இன்னும் வரவில்லை.

இரண்டாவது, அந்தப் பேனா. இயற்பியல் படிக்கிற உனக்கே தெரியும், கொள்ளுத்தாத்தாவின் சாதியை மாற்றினால் அவர் உன் கொள்ளுப்பாட்டியைக் கட்டியிருக்க மாட்டார். நீ பிறந்திருக்க மாட்டாய். சரி, கதைக்காக நீ பிறந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்ப வரும். பட்டியல் வாசிக்கப்படும். நீ உட்கார்ந்திருப்பாய். உன் பக்கத்தில் வேறொரு பிள்ளை எழுந்து நிற்பாள். அப்போது திரும்பிப் பார்க்கப் போகிறவள் யார்? நீயாகத்தான் இருப்பாய். ஒரு பெயரை மாற்றினால் ஒரு ஆள் இடம் மாறுவார், அவ்வளவுதான். நிற்கவைக்கும் முறை அப்படியேதான் இருக்கும்.

சான்றிதழைக் கிழித்துவிட்டால் சாதி போய்விடும் என்று நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. சாதி மறுத்து மணந்த பிள்ளைகளை வெட்டிப்போடுகிறவன் சான்றிதழைப் பார்த்துவிட்டா வெட்டுகிறான்? வாடகைக்கு வீடு இல்லை என்றவர் என்னிடம் சான்றிதழா கேட்டார்? காயத்தை உண்டாக்கியது சான்றிதழ் இல்லை. காயம் இருக்கிறது என்று சொல்லும் மருத்துவச் சீட்டு அது. சீட்டைக் கிழித்தால் மருந்துதான் நிற்கும். வெட்கப்பட வேண்டியது எழுந்து நின்றவள் இல்லை. விவரத்தைத் தனியாக அழைத்து வாங்கத் தெரியாமல், வகுப்பு நடுவே நிற்கவைத்தவர்தான் வெட்கப்பட வேண்டும். நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைத்த ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்திருக்கிறது. பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால் இவற்றைக் கேளுங்கள். உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கக் கூடாது என்றும் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன். கோரிக்கையை எழுதியே கொண்டுபோவோம்.

கடைசியாக ஒன்று. காலப்பயணம் என்றால் பின்னால் மட்டும்தானா? தந்தை பெரியார் 1940களிலேயே 'இனிவரும் உலகம்' எழுதினார். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாத் தந்திச் சாதனம் இருக்கும், ஆளுக்கு ஆள் உருவத்தைப் பார்த்துப் பேசிக்கொள்வார்கள், ஓரிடத்திலிருந்தே பல இடத்தில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்தலாம், சோதனைக் குழாயில் பிள்ளை பிறக்கும் என்றார். எல்லாம் வந்துவிட்டது. அதே நூலில் மேல்கீழ் இல்லாத, ஒருவர் உழைப்பில் ஒருவர் வாழாத மனித சமுதாயத்தையும் சொன்னார். செல்போனைச் செய்துவிட்டோம். அதைச் செய்யவில்லை.

ரோகித் வெமுலா கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். விண்மீன்களைப் பற்றி எழுத நினைத்த அந்தக் கையை 2016 ஜனவரியில் இழந்தோம். அவர் எழுதாமல் போன பக்கங்கள் யாருடைய நோட்டிலாவது தொடர வேண்டும். சென்னையில் பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைகளை ஒரு தொகுப்பாகவே ஆங்கிலத்தில் கொண்டுவந்திருக்கிறது. இடம் திறந்திருக்கிறது.

பாப்பா, முடிவை நான் எழுதித் தர மாட்டேன், அது உன் வேலை. ஆனால் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடாதே. அந்தக் கோபமும் இருக்கட்டும். உன் கதாநாயகி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தக் கொள்ளுத்தாத்தாவிடம் இன்னொரு முறை போகட்டும். "ஏன் குனிஞ்சீங்க?" என்று கேட்டாள் அல்லவா, இந்த முறை "எத்தனை நாள் நின்னீங்க? யாருக்காக நின்னீங்க?" என்று கேட்கட்டும். அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு வரட்டும். நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் நாற்பது பக்கம் காலியாக இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்.

ஜெய்பீம்.